காளை நின்ற கடை

கோட்டாற்றிலிருந்து இடலாக்குடி தாண்டித் தெற்கே போகிற ரோட்டில் எங்கள் லைன்வீடுகள் இருக்கின்றன. உப்பு வண்டிக்காரர்களும் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களும் குடியிருக்கிற வீடுகள். ஒரே நீளக் கூரை, ஆளுக்கொரு அறை, நடுவில் ஒரு செங்கல் சுவர். இந்த இடத்தில் மூன்று கள்ளுக்கடை இருந்தது என்று சொன்னால் புதிதாகக் குடிவந்தவர்கள் நம்புவதில்லை. முக்கில் இருந்த கடை இன்று விறகுக்கடை. வாய்க்கால் கரைக் கடையின் மண்சுவர் ஒரு ஐப்பசி மழையில் கரைந்து போனது. மூன்றாவது பொன்னுலிங்கம் அண்ணாச்சியின் கடை. நான் சொல்ல வந்தது அவரைப் பற்றித்தான்.

அவர் மணக்குடிப் பக்கத்துக்காரர். சின்ன வயதில் பனை ஏறினவர். ஒருநாள் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தது. வைத்தியன் கட்டின கட்டு சரியாகப் பொருந்தவில்லை. அதன்பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடப்பார். மரம் ஏற முடியாதவனை யார் கூப்பிடுவார்கள்? கள்ளுக்கடையில் ஊற்றிக் கொடுக்கிற வேலைக்கு வந்தார். பிறகு கடையே அவர் கைக்கு வந்தது. அவர் பெண்சாதி உலகம்மாள் மரச்சீனிக்கிழங்கு அவித்து, சாளை மீன் கறியும் வைப்பாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். கறியில் உப்பு கூடுதல் என்று ஒருவன் சொன்னதற்கு, உப்பு வண்டிக்காரனுக்கு உப்புக் கரிக்குதாக்கும் என்று அவன் செத்துப்போகிறவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைக்கு ஒரு சட்டம் உண்டு. உள்ளே நுழைகிறவன் சாட்டையை வாசல் சுவரில் அடித்திருக்கிற மரமுளையில் மாட்டிவிட வேண்டும். சாட்டை கையில் இல்லாதவன் அடிதடிக்குப் போகமாட்டான் என்பது அண்ணாச்சியின் கணக்கு. எழுந்து போகும்போது சாட்டையைக் கேட்டால், "இடக்காளை பேரு என்ன வே?" என்பார். நாக்குத் தடுமாறாமல் சொன்னால் சாட்டை கிடைக்கும். தடுமாறினால் கிடைக்காது. அவனை வண்டியில் படுக்க வைத்து மாட்டைத் தட்டிவிடுவார். மாடு வீட்டில் கொண்டு சேர்க்கும். காலையில் அவன் பெண்சாதி வந்து சாட்டையை வாங்கிப் போவாள். அந்த வெட்கத்துக்கே பாதிப்பேர் அளவோடு குடித்தார்கள். எங்களோடு வண்டி ஓட்டுகிற ரசலையன் ஒரு சொட்டுக்கூடத் தொடமாட்டான், அவன் கிறிஸ்தவ சபைக்காரன். ஆனாலும் தினமும் வந்து சாட்டையை மாட்டிவிட்டுக் கிழங்கு தின்பான். போகும்போது அவனுக்கும் அதே கேள்விதான்.

கடை வாசலில் ஒரு கல்தொட்டி கிடந்தது. லைன்வீடுகளில் அரிசி கழுவின தண்ணீரையும் மிச்சக் கஞ்சியையும் உலகம்மாள் ஒரு பானையில் சேர்த்துப் புளிக்க வைப்பாள். அதற்குக் காடி என்று பேர். சாயங்காலம் அதைத் தொட்டியில் ஊற்றுவார்கள். நாம் உள்ளே குடிக்கும்போது மாடு மட்டும் சும்மா நிற்கவா என்று அண்ணாச்சி கேட்பார். அதனால் எங்கள் மாடுகளுக்கு அந்த இடம் பழகிப்போனது. கயிற்றை இழுக்க வேண்டாம். தானே வந்து நிற்கும்.

சுதந்திரம் வந்த சமயம் எங்கள் தாலுகாவில் கள்ளுக்கடைகளைப் பூட்டச் சொன்னார்கள். கடைசி நாள் எல்லாரும் வந்திருந்தோம். எழுந்தபோது அண்ணாச்சி ஒவ்வொருவருக்கும் அவனவன் சாட்டையை எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு மட்டும் கேள்வி கேட்கவில்லை.

குடி போனதில் லைன்வீட்டுப் பெண்களுக்கு நிம்மதி. அதையும் சொல்லத்தான் வேண்டும். என் வீட்டுக்காரியும் அதில் சேர்த்தி. அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

அண்ணாச்சி அதே இடத்தில் கருப்பட்டிக் காப்பிக் கடை போட்டார். போய் உட்கார்ந்து பார்த்தோம். காப்பி ஆறுவதற்குள் குடித்துவிட வேண்டும். அதில் எங்கே பேச்சு வளர? ஒவ்வொருவராக உட்காருவது நின்றுபோனது. ஆனால் மாடுகள் நின்றன. கடை பூட்டின சங்கதி அதுகளுக்குத் தெரியுமா? சாயங்காலம் வண்டிகள் வரிசையாக நிற்கும். அண்ணாச்சி சாய்ந்து சாய்ந்து வந்து காடி ஊற்றுவார். மாடு குடித்து முடிக்கிறவரை வண்டியில் இருந்தபடியே நாங்கள் அவரிடம் நாலு வார்த்தை பேசுவோம். அந்த நாலு வார்த்தைக்காகத்தான் அவர் அடுப்பைப் பற்ற வைத்தாரோ என்று எனக்குத் தோன்றும். காப்பி விற்று அவர் தேறினதை நான் பார்க்கவில்லை.

யாரோ மனு எழுதிப் போட்டுவிட்டார்கள். பூட்டின கள்ளுக்கடை வாசலில் தினமும் வண்டி நிற்கிறது என்று. ஒரு சாயங்காலம் புது இன்ஸ்பெக்டரும் ஏட்டு ஆபேலும் வந்து இறங்கினார்கள். இன்ஸ்பெக்டர் வடக்கே மலையாளச் சீமையிலிருந்து வந்தவர், மலையாளம் கலந்து பேசுகிறவர். நாங்கள் ஐந்தாறு வண்டி நின்றுகொண்டிருந்தோம். கள்ளு இல்லாமல் வண்டிக்காரன் எதற்கு நிற்பான் என்று கேட்டார். மாடு நிற்கிறது என்று சொன்னோம். அவர் அதை நக்கல் என்று எடுத்துக்கொண்டார்.

அடுப்படியைப் புரட்டினார்கள். கூரை ஓலைக்குள் கம்பு விட்டுக் குத்தினார்கள். பின்பக்கம் போனபோது, துணி கட்டி மூடின பானை அகப்பட்டது. இன்ஸ்பெக்டர் துணியை அவிழ்த்து மூக்கை வைத்தார். புளித்த வாடை, மேலே நுரை. அவர் முகத்தில் ஒரு தெளிச்சம் வந்தது.

"எந்தா இது?"

"மாட்டுக் காடி, ஏமானே" என்றாள் உலகம்மாள்.

"மாட்டுக்கு ஆரு துணி கெட்டி வைக்கும்?"

"ஈ விழுந்தா மாடு குடிக்காது. மனுசன்தான் குடிப்பான்."

அவள் வாயை மூடியிருக்கலாம். அண்ணாச்சியையும் பானையையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக உத்தரவாயிற்று. அந்த இடுப்போடு அவரால் கோட்டாறு வரை நடக்க முடியாது. என் வண்டி காலியாக இருந்ததால் அதில் ஏற்றினார்கள். அண்ணாச்சி பானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழியில் ஒன்றுதான் சொன்னார். "கேசாச்சுன்னா காப்பிக்கடையும் போச்சு வே. பின்ன அந்த வாசல்ல எனக்கு என்ன வேல?"

ஸ்டேஷன் படியில் பானையை இறக்கி வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் உள்ளே எழுத உட்கார்ந்தார். நான் மாடுகளை நுகத்திலிருந்து அவிழ்த்தேன். காடி ஊற்றுவதற்குள் போலீஸ் வந்துவிட்டதால் என் இடக்காளை மயிலை அன்றைக்குத் தொட்டியில் வாய் வைக்கவில்லை. வழியெல்லாம் முதுகுப் பக்கத்திலிருந்து காடி வாடை வேறு. அவிழ்த்ததும் நேரே படிக்குப் போய்ப் பானைக்குள் முகத்தை விட்டது. ஏட்டு எழுந்து வருவதற்குள் பாதி காலி. லத்தியால் முதுகில் ஒன்று வைத்தார். மயிலை தலையைத் தூக்கவில்லை. பானையின் அடி தெரிகிறவரை உறிஞ்சிவிட்டுத்தான் நிமிர்ந்தது. மூக்கில் பருக்கை ஒட்டியிருந்தது.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்து பானையைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். பின்னால் வந்திருந்த ரசலையன்தான் மெல்லச் சொன்னான்:

"மாட்டப் பிடிச்சு உள்ள போடுங்க ஏமானே. குடிச்சது அதுதான்."

ஏட்டு ஆபேல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மாடு தள்ளாடுகிறதா என்று கொஞ்ச நேரம் அதன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். மயிலை சாணி போட்டுவிட்டு அசைபோடத் தொடங்கியது. அதன்பிறகு அண்ணாச்சியைப் போகச் சொன்னார். ஆனால் ஒரு கண்டிஷன். இனி அந்த வாசலில் ஒரு வண்டி நிற்கக் கண்டால் காப்பிக்கடையைப் பூட்டுவேன், தொட்டியையும் எடுத்துவிட வேண்டும் என்றார். அவரையும் தப்பு சொல்ல முடியாது. மனு எழுதினவன் சும்மா இருப்பானா?

மறுநாள் நாங்கள் எல்லாரும் சேர்ந்து கடப்பாரை போட்டுத் தொட்டியை நெம்பிப் பின்பக்கம் கொண்டுபோனோம். தொட்டி இருந்த இடத்தில் நாலு புழு நெளிந்தது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் வண்டி வந்தது. மயிலை நின்றது. தொட்டி இல்லாத வெறுந்தரையை மோந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றது. கயிற்றைச் சுண்டினேன், நகரவில்லை. சாட்டையை ஓங்கினேன். அந்த வாசலில் அதுவரை நான் சாட்டை ஓங்கினதே கிடையாது.

அண்ணாச்சி உள்ளே இருந்து வந்தார்.

"அடிக்காதேயும் வே. அது மேல என்ன தப்பு?"

மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக் கடைச் சுவர் முடிகிற இடம் வரை மாட்டை நடத்திக்கொண்டு போனார். மாடும் பேசாமல் போனது. திரும்பி வந்து ரசலையன் மாட்டைப் பிடித்தார். அடுத்ததைப் பிடிக்கப் போனபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது? நாங்கள் இறங்கினோம்.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. கடை வருவதற்கு முன்னாலேயே வண்டியை விட்டு இறங்கிக் கயிற்றைப் பிடித்து நடத்துவோம். அண்ணாச்சி வாசலில் நிற்பார். சுவர் முடிகிறவரை கூடவே நடப்பார். மகளுக்கு வரன் அமைந்ததா, உப்பளத்தில் சரக்கு உண்டா என்று அந்தத் தூரத்துக்குள் கேட்டுவிடுவார். வண்டி நிற்கவில்லை, நகர்ந்துகொண்டிருக்கிறது. சட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்ஸ்பெக்டரே ஒருநாள் சைக்கிளில் வந்து பார்த்தார். எல்லாரும் மாட்டுக்குக் கூட்டாக நடந்துகொண்டிருந்தோம். அவர் மணியை அடித்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த வருஷம் நாங்கள் மலையாளச் சீமையை விட்டுப் பிரிந்து மதராசோடு சேர்ந்தாயிற்று. ஜில்லாவுக்குப் புதுப்பேர் வந்துவிட்டது. அண்ணாச்சியால் இப்போது நடக்க முடியாது. வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கிறார். மயிலையும் போய்விட்டது. வடசேரிச் சந்தையில் புதிதாக ஒரு காளை பிடித்திருக்கிறேன். அதற்கு அந்த இடம் தெரியாது. நிற்காது. விட்டால் அதுபாட்டுக்குப் போய்விடும். ஆனாலும் முதல் நாள் கடை வாசல் வந்ததும் நான் இறங்கிக் கயிற்றைப் பிடித்தேன்.

அண்ணாச்சி மாட்டை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இடக்காளை பேரு என்ன வே?"

"இன்னும் வைக்கல்ல, அண்ணாச்சி."

"அப்பம் உமக்குச் சாட்ட கிடையாது. நடந்தே போம்."

கையை நீட்டினார். நான் சாட்டையைக் கொடுத்துவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு வீடு வரை நடந்தேன்.