கட்டார் சட்டி

குசினிப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. கனத்த பீங்கான் தரையில் மோதிப் பிளக்கிற சத்தம். அடுத்த கணம் ஆகிலாவின் அலறல்.

அறைக்குள் அஸர் தொழுதுகொண்டிருந்த றிஸ்லா தொழுகையைப் பாதியில் முறித்துக்கொண்டு ஓடினாள். தொழுகை உடுப்பின் விளிம்பு காலில் சிக்கியது. சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினி வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மகள் ஒற்றைக் காலில் நின்றாள். மற்றக் காலைக் கைகளால் ஏந்திப் பிடித்திருந்தாள். கணுக்காலிலிருந்து விரல் வரை செந்நிறக் குழம்பு ஆவி பறக்க வழிந்தது. எது குழம்பு, எது தோல் என்று பிரித்தறிய முடியவில்லை. தரையெங்கும் கோழித் துண்டுகள். நடுவில் இரண்டாகப் பிளந்து கிடந்தது சட்டி. கண்ணாடி மூடியைக் கையில் பிடித்தபடி றிஸ்லாவின் புருசன் ஜவ்பர் மூச்சு வாங்கினான்.

"மூடியத் தொறக்காதீங்க வாப்பா எண்டு எனக்குச் சொல்றா உன்ட மகள். நான் வாங்கின சாமானத் தொறக்க நான் ஆர்ட்ட கேக்கணும்?"

அந்தப் பிள்ளை செய்த குற்றம் அவ்வளவுதான். அதற்குத்தான் சட்டியைத் தூக்கி அவளுடைய காலடியில் அடித்திருந்தான். மெல்ல வேகவைக்கும் கரண்ட் சட்டியான ஸ்லோ குக்கரில் சமைப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. வைத்த கோழி வேகும்வரை மூடியைத் தூக்கக் கூடாது. தூக்கினால் சேர்ந்த சூடெல்லாம் போய்விடும், வேக்காடு பின்தள்ளிப் போகும். வெள்ளிக்கிழமைகளில் மூடிக்குக் காவல் ஆகிலாதான். வாசம் பிடித்து வருகிற பெரியம்மா, சாச்சி எல்லோரையும் அவள் விரட்டுவாள், எல்லோரும் சிரிப்பார்கள். வாப்பாவும் சிரிப்பார் என்று நினைத்துவிட்டாள்.

றிஸ்லா மகளைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக் குழாயடிக்கு ஓடினாள். தண்ணீர் பட்டதும் பிள்ளை துடித்தாள். உள்ளே கண்ணாடி மூடி சுவரில் மோதி நொறுங்கியது.

சாய்ந்தமருதில் அந்த வீதியில் றிஸ்லாவைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அவளுடைய இடது காது சரியாகக் கேட்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. கலியாணம் முடித்த முதல் நோன்பில், கஞ்சிக்கு உப்புக் கூடிவிட்டதென்று ஜவ்பர் விட்ட அறை அது. அவளைப் பெற்ற சபியா உம்மா அன்றிரவு மகளின் காதுக்கு ஒத்தடம் கொடுத்தபடி, "சபுர் செய் மகள், பொறுத்துக்க. ஆம்புளட கோவம், விடிஞ்சா போயிரும்" என்றாள்.

விடிந்ததும் போய்த்தான் இருந்தது. காதுக்குப் புதுத் தோடு வந்தது. பிறகு ஜவ்பர் கட்டாருக்கு லொறி ஓட்டப் போனான். லீவில் வந்த ஒரு மாதம் அவளுடைய மணிக்கட்டை முறித்தான். கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று அவள் டொக்டரிடம் சொன்னாள். அவன் திரும்பிப் போய் அனுப்பிய சாமான் பெட்டியில் முதலில் இருந்தது அந்த ஸ்லோ குக்கர். வீட்டில் அதற்கு கட்டார் சட்டி என்று பெயர் வந்தது.

நெடுங்காலம் அதைப் பெட்டியை விட்டு அவள் எடுக்கவேயில்லை. பார்க்கும்போதெல்லாம் மணிக்கட்டு வலித்தது. ஆகிலாதான் ஒருநாள் எடுத்து, போனில் வீடியோ பார்த்து, "உம்மா, பாபிகியூ கோழி வெப்பமா?" என்று கேட்டாள்.

அந்த வீடியோக்காரி போத்தலில் விற்கிற சோஸை ஊற்றினாள். றிஸ்லா அதைத் தன் கைப்பக்குவத்துக்கு மாற்றினாள். தக்காளி சோஸோடு இனிப்புக்குக் கித்துள் பாணி, வினாகிரி, இடித்த மிளகு, வறுத்த செத்தல் மிளகாய், உள்ளிப்பூண்டு. அடியில் வெங்காயத்தை வட்டமாக அரிந்து பரப்பி, அதன்மேல் தோல் உரித்த கோழித் தொடைகள். மதியம் ஜும்ஆவுக்கு முன் வைத்தால் பொழுதுபட மஃரிபுக்கு எலும்பு தானாகக் கழன்று வரும். கடைசியில் ஒரு சின்னக் கிண்ணத்தில் சிரட்டைத் தணலை வைத்து, அதில் ஒரு சொட்டு நெய் விட்டு, சட்டிக்குள் இறக்கி மூடுவாள். அந்தப் புகைதான் அடுப்பில் சுடாத கோழிக்குச் சுட்ட வாசம் கொடுத்தது.

வெள்ளி இரவுகளில் குடும்பமே சஹனைச் சுற்றி உட்கார்ந்தது. ஒரே தட்டில் பல கைகள். அவன் இல்லாத அந்த வருடங்களில்தான் றிஸ்லா வாய்விட்டுச் சிரிக்கக் கற்றாள். அவன் வேலை முடிந்து ஒரேயடியாக ஊர் திரும்பியபோது, தன் பெயரை விட அந்தச் சட்டியின் பெயர் அந்த வீட்டில் அதிகம் கேட்பதைக் கண்டான். அன்று தொடங்கிய புகைச்சல் இன்று பிள்ளையின் காலில் வந்து முடிந்தது.

விருந்துக்கு நேரத்தோடு வந்த றிஸ்லாவின் தங்கை நதீராவும் அவளுடைய மாப்பிள்ளை முபீரும் வட்டிலப்பக் கிண்ணத்தோடு குசினிக்குள் நுழைந்தார்கள். குழாயடியில் பிள்ளையின் காலைக் கண்ட முபீரின் முகம் கறுத்தது.

"மச்சான், என்ன வேல இது? இது புள்ளயா, நாயா?"

பதிலுக்கு ஜவ்பரின் கைமுட்டி அவனுடைய வாயில் இறங்கியது. வட்டிலப்பம் தரையில் சிதறியது. முபீர் எழுந்து அவனுடைய சட்டையைப் பிடித்தான். இருவரும் கோழித் துண்டுகள்மேல் வழுக்கிச் சுவரில் மோதினார்கள். ஜவ்பர் திமிறிக்கொண்டு, சட்டியின் கரண்ட் அடிப்பாகத்தை வயரோடு பிடுங்கிச் சுழற்றினான். முபீரின் தலையை நோக்கி வந்த அந்த இரும்பு, குழாயடியிலிருந்து ஓடிவந்து இடையில் பாய்ந்த றிஸ்லாவின் தோளில் விழுந்தது. எலும்பு முறிகிற ஒலியை அங்கிருந்த எல்லோரும் கேட்டார்கள்.

றிஸ்லா விழவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் வெளிய போங்க" என்று ஜவ்பர் கத்தினான். "நீயும் போடி. இது என்ட ஊடு."

இலங்கையின் அந்தக் கிழக்குக் கரையில் எந்த ஆண்மகனும் தூக்கத்தில்கூடச் சொல்லாத சொல் அது. அங்கே வீடு பெண்ணுக்கு. பெற்றவர்கள் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க, மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவான். உதட்டு இரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்த முபீர் நதீராவின் வீட்டில்தான் இருக்கிறான். ஜவ்பரின் வாப்பாவும் அவனுடைய உம்மாவின் வீட்டில்தான் வாழ்ந்து மௌத்தானார். கட்டார் பணத்தில் மேல்மாடி எழுப்பியவன், கூரையோடு சேர்த்துத் தரையும் தன்னுடையது என்று நெஞ்சுக்குள் எழுதிக்கொண்டிருந்தான் போலும். கோபத்தில் அது வெளியே வந்து விழுந்தது.

சபியா உம்மா தன் அறையிலிருந்து வந்து நின்றாள். மகளின் தொங்கிய தோளையும் பேத்தியின் காலையும் பார்த்தாள். அவளுடைய வாயில் சபுர் என்ற சொல் இந்த முறை வரவில்லை.

"ஆர்ட ஊடு?" என்று றிஸ்லா கேட்டாள். குரல் உயரவில்லை.

றிஸ்லாவே தொடர்ந்தாள்.

"என்ட வாப்பா கடல்ல கிடந்து கட்டின ஊடு இது. அடிச்ச நேரமெல்லாம் பொறுத்தன், நீங்க ஊட்டு மாப்புள எண்டு. இப்ப நீங்களே அத அழிச்சிட்டீங்க. போறது நீங்கதான்."

வேலிக்கு மேலால் அயலவர்களின் தலைகள் தெரிந்தன. அவன் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு தன் உம்மாவின் வீடிருந்த சம்மாந்துறைப் பக்கம் போனான்.

ஆஸ்பத்திரியில் நேர்ஸ் எப்படி நடந்ததென்று கேட்டபோது, றிஸ்லா கிணற்றடியைச் சொல்லவில்லை. பொலிஸிலும் அதே உண்மையைச் சொன்னாள். அதற்குப் பிறகு வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வாபஸ் வாங்கு, பொம்புளப் புள்ள வளருது, வாப்பா இல்லாமல் எப்படிக் கரையேற்றுவாய் என்றார்கள். அவள் எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொடுத்தாள், பதில் கொடுக்கவில்லை. இரவில் மட்டும், காலில் கட்டோடு உறங்கும் மகளைப் பார்த்து அழுதாள். அவனை உள்ளே எடுத்தால் அடுத்த முறை எது உடையும் என்று அவளுக்குத் தெரியும். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவனே வந்தான். வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் கதவைத் தட்டி, ஸலாம் சொல்லி, "உள்ளுக்கு வரட்டா?" என்று கேட்டான்.

"வாங்க. இரிங்க" என்று முன்ஹோல் கதிரையைக் காட்டினாள் றிஸ்லா.

தேத்தண்ணீரைக் கையில் வாங்கியவன் கோப்பையை உற்றுப் பார்த்தான். "என்ன, வெளியாக்களுக்குக் குடுக்கிற கோப்பையில தாறாய்?"

"ஓம்."

அவன் ஒரு மிடறு குடித்தான். "சட்டிய உடைச்சது பிழதான். கட்டார்ல கூட்டாளி ஒருத்தன் இரிக்கான். வேறொண்டு எடுக்கலாம்."

"சட்டி கிடக்கட்டும். புள்ளட கால்?"

"அவள் வாய் காட்டினாள். நீ பழக்கின வாய்."

"நான்தான் பழக்கினன். இனியும் பழக்குவன்."

அவன் எழுந்தான். கோப்பை சரிந்து தேத்தண்ணீர் தரையில் ஓடியது. "பொலிஸ்ல குடுத்தத வாபஸ் எடுக்கிறியா, இல்லயா?"

"இல்ல."

முட்டி உயர்ந்தது. முறிந்த தோளின் கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்க, றிஸ்லா இருந்த இடத்திலேயே நின்றாள். கண்ணைக்கூட மூடவில்லை. அவனுக்குப் பழக்கமான றிஸ்லா முகத்தை மறைத்துக்கொண்டு சுருண்டு போவாள். சுருளாத முகத்தை எங்கே அடிப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. முட்டி அவளைத் தாண்டிப் போய் ஷோகேஸ் கண்ணாடியில் பாய்ந்தது. கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. உள்ளறையில் ஆகிலா வீரிட்டாள்.

கையிலிருந்து பெருகிய தன் இரத்தத்தை அவன் திகைத்துப்போய்ப் பார்த்தான். றிஸ்லா துணி கொண்டுவந்தாள். ஒரு கையாலும் பல்லாலும் இறுக்கிக் கட்டினாள்.

அந்தக் கை பட்டதும் அவனுடைய கண் கலங்கியது. "றிஸ்லா, உன்ன உட்டா எனக்கு ஆர் இரிக்கா? இண்டைக்கு இஞ்ச இரிக்கட்டா?"

அவளுடைய நெஞ்சு ஒரு கணம் தளர்ந்தது. இத்தனை வருடம் ஒரே பாயில் படுத்தவன். அவள் அறை வாசலைப் பார்த்தாள். மகள் சுவரைப் பிடித்து, கட்டுப் போட்ட காலை நிலத்தில் ஊன்றாமல் நின்றாள். வாப்பாவின் கையை அல்ல, உம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தையல் போட வேணும், ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றாள் றிஸ்லா.

"நான் கேட்டதுக்கு என்ன மறுமொழி?"

"வந்தீங்க, தேத்தண்ணி குடிச்சீங்க. வந்த ஆள் போகத்தானே வேணும்."

அவன் சபியா உம்மா பக்கம் திரும்பினான். "மாமி, மகளுக்கு நீங்களாவது சொல்லுங்களன்."

சபியா உம்மா கண்ணாடித் துண்டுகளைத் தும்புத்தடியால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள். "பாத்துப் போங்க மாப்புள. காலுல குத்தும்."

அவள் ஒதுக்கிவிட்ட வழியால் அவன் நடந்தான். வாசலில் செருப்பை மாட்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான். யாரும் அழைக்கவில்லை. அவன் படலையைத் தாண்டும்வரை நின்றிருந்த றிஸ்லா, கதவைச் சாத்தி, இடது கையால் தாழ்ப்பாளைத் தள்ளினாள்.