ஏழாயிரம்பண்ணைக்கு ஒரு பேட்டரியோடு

காலை 7.40. விருதுநகர் பழைய பேருந்து நிலையம். என் தோளில் தொங்கிய பையின் எடை இரண்டு கிலோ அறுநூறு கிராம். வீட்டிலேயே நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். உள்ளே இருந்த மடிக்கணினி என் தங்கை மகள் செல்வியுடையது. பட்டாசுத் தொழிலாளருக்கு விபத்துக் காப்பீடு செய்துதரும் ஒரு தொண்டு நிறுவனத்தில் அவள் களப்பணி செய்கிறாள். நான்கு நாளாகக் காய்ச்சல். 2008 ஜூலையில் அவளைப் பார்க்கத் திருச்சியிலிருந்து வந்த நான் அவள் வேலையையும் சேர்த்துச் சுமக்க நேர்ந்தது. எனக்கு வயது அறுபத்தொன்பது. புள்ளியியல் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் இருந்தவன் என்பதால் பட்டியல் எடுப்பது எனக்குப் புதிதல்ல, மடிக்கணினிதான் புதிது.

வேலை இதுதான். ஏழாயிரம்பண்ணைக்கு அருகே ஒரு சிறிய பட்டாசு ஆலை. அங்கே முப்பத்தாறு பெண்கள். ஒவ்வொருவருடைய பெயர், வயது, வாரிசு, ரேஷன் அட்டை எண், புகைப்படம் எல்லாம் அன்று மாலை ஆறு மணிக்குள் விருதுநகர் அலுவலகத்தில் சேர வேண்டும். சேராதவருக்குத் தீபாவளி சீசன் முடியும்வரை காப்பீடு கிடையாது. அந்தப் பக்கம் மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒன்பது மணி முதல் ஐந்து மணி வரை மின்சாரம் இருக்காது என்றும், பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும் என்றும் செல்வி படுத்தபடியே சொல்லி அனுப்பினாள்.

காலை 7.55. சாத்தூர்ப் பேருந்து. கட்டணம் ஒன்பது ரூபாய். பேட்டரி நூறு சதவீதம் இருக்கிறதா என்று ஏறியதும் திறந்து பார்த்தேன். இருந்தது. ஆர்.ஆர். நகர் தாண்டியதும் மறுபடி திறந்தேன். தொண்ணூற்றாறு. மூன்றாம் முறை திறந்தபோது பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார்.

"பாத்துப் பாத்தே தீத்துருவீக போல இருக்கே அண்ணாச்சி."

அவர் பெயர் காதர். விருதுநகர்க்காரர். கடை கடையாகப் போய்க் காலண்டர் ஆர்டர் பிடிப்பவர். முன்பெல்லாம் மாதிரிக் காலண்டர்களைக் கட்டாகச் சுமந்திருக்கிறார். இரண்டு வருடமாக எல்லாப் படங்களையும் மடிக்கணினியில் வைத்துக் காட்டுகிறார். கரண்ட் இல்லாத கடைகளில் பாதிப் படத்தோடு திரை அணைந்து எத்தனையோ ஆர்டர் போயிருக்கிறது என்றார். நான் என் கவலையைச் சொன்னதும் பெட்டியை வாங்கித் தன் பைமேல் வைத்துக்கொண்டார்.

முதலில் திரையின் ஒளியைக் குறைத்தார். "எழுத்துத் தெரிஞ்சாப் போதும். பந்தலுக்கு சீரியல் லைட்டா போடுறீக?" பிறகு கம்பியில்லா இணைப்புக்கான பொத்தானை அணைத்தார். தட்டுக்குள் செல்வி மறந்து விட்டிருந்த குறுந்தகட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்; அது உள்ளே சும்மா கிடந்தாலும் அவ்வப்போது சுழன்று மின்சாரம் தின்னுமாம். மவுஸைத் தனியாகச் செருகக் கூடாது. வேலை இல்லாதபோது மூடிவிட்டால் உறங்கும். முழுதாக அணைத்து அணைத்துத் திறப்பதைவிட அது சிக்கனம். மடியில் வைத்தால் சூடேறும், சூடேறினால் உள்ளே விசிறி சுற்றும், விசிறிக்கும் அதே பேட்டரிதான். நான் ஆறையும் டிக்கெட்டின் பின்புறம் எழுதிக்கொண்டேன்.

சாத்தூரில் இறங்கும்போது காதர் திரும்பிச் சொன்னார்: "ஏழாவது ஒண்ணு விட்டுப்போச்சு. பதறாதீக."

காலை 9.05. சாத்தூரில் தேநீர் மூன்று ரூபாய். அங்கிருந்து ஏழாயிரம்பண்ணைக்குப் பத்தொன்பது கிலோமீட்டர் என்றார் நடத்துநர். சாலையின் இருபுறமும் உழாத கரிசல், நடுநடுவே வெள்ளையடித்த சின்னச் சின்னக் கட்டடங்கள். ஒன்றுக்கொன்று விலகி, யாரோ அளந்து வைத்ததுபோல நிற்கின்றன. ஒன்று வெடித்தால் அடுத்தது தப்பிக்கத்தான் அந்த இடைவெளி.

காலை 10.20. ஆலை வாசல். காவலாளி குருசாமி என் கைபேசியை வாங்கி வைத்தார். பையைத் திறந்து காட்டச் சொன்னார். மடிக்கணினியைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிடாத குறையாக மறுத்துவிட்டார்.

"பேட்டரிக்குள்ளயும் மருந்துதானய்யா இருக்கு. எங்க மருந்து உங்க மருந்தோட சேர வேணாம்."

வேலிக்கு வெளியே ஒரு வேப்பமரம். அதன் நிழலில் தன் மேசையைத் தூக்கிவந்து போட்டார். உள்ளே பட்டாசு செய்யும் அறைகள் எதற்கும் மின்கம்பி கிடையாது. விளக்கு இல்லை, விசிறி இல்லை. ஓர் அறைக்கு நான்கு பேர். அதற்குமேல் உட்காரக் கூடாது. ஆகவே என்னிடமும் நான்கு நான்கு பேராகத்தான் அனுப்புவேன் என்றார் போர்மேன் கருப்பசாமி. ஒன்பது நடை.

அப்போது பேட்டரி எண்பத்தெட்டு.

முதல் நால்வர் வந்தார்கள். கைகள் முழங்கைவரை வெள்ளி நிறம், அலுமினியத் தூள். தொட்டித் தண்ணீரில் கழுவிவிட்டு வந்து நின்றார்கள். நான் ஒரு விரலால் தட்டச்சு செய்பவன். பெயரை அடித்து, வாரிசு யார் என்று கேட்டால், மூத்த மகனா கடைக்குட்டியா என்று ஓர் ஆலோசனை நடக்கும். திரையின் மேல் விளிம்பில் இருந்த கேமராவில் படம் எடுத்ததும், எடுத்ததைக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். நால்வர் முடியப் பதினெட்டு நிமிடம். பதினைந்து சதவீதம் போயிருந்தது.

அந்த வேகத்தில் இருபத்து மூன்று பேருக்குத்தான் வரும். பதின்மூன்று பேர் விட்டுப்போவார்கள். விட்டுப்போன ஒருத்திக்கு ஏதாவது ஆனால், அதற்குக் காரணமாக என் பெயர்தான் நிற்கும்.

படம் காட்டுவதை நிறுத்தினேன். ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் இடையில் மூடி வைத்தேன். குருசாமி மேசைக்கடியில் நனைத்த சாக்கு விரித்தார். நிழல் நகர்ந்தபோதெல்லாம் மேசையையும் நகர்த்தினார். வெயிலில் சூடேறும் சரக்கோடு அவருக்குப் பழக்கம். விசிறிச் சத்தம் அடங்கியது. நடைக்குப் பதினொன்று என்று குறைந்தது. இருபது பேர் முடிந்தபோது பகல் 12.05, மிச்சம் இருபத்தொன்பது சதவீதம். நான்கு நடை பாக்கி. நாற்பத்து நான்கு வேண்டும். எப்படிப் போட்டாலும் ஆறு பேர் மிஞ்சினார்கள். கணக்கை மூன்று தடவை போட்டேன்; மூன்றாவது தடவை வாய்விட்டே போட்டிருக்கிறேன்.

ஆறாவது நடையில் வந்து நின்ற நால்வரில் மூத்தவர் பாக்கியம். ஐம்பது வயது இருக்கும். என் புலம்பலைக் கேட்டுவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"ஏன்ய்யா, நீங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவுகதான?"

ஆமாம் என்றேன்.

"அப்ப பேரையும் நம்பரையும் நோட்டுல எழுதிட்டுப் போயி, ஊருல கரண்டு இருக்கிற எடத்துல அடிங்க. எங்க மூஞ்சியத்தான் நோட்டுல எழுத முடியாது. அத மட்டும் இதுல பிடிங்க."

மற்ற மூவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க வரவில்லை. காலை 7.40 முதல் ஒவ்வொரு சதவீதமாக மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தேன். பெட்டியைத் திறக்காமலே செய்யக்கூடிய வேலை எது என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. பையில் எண்பது பக்க நோட்டு இருந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள் நோட்டில்தான் எழுதியிருக்கிறேன்.

அதன்பிறகு நடைக்கு நான்கு சதவீதம். பகல் 1.10-க்கு முப்பத்தாறு பேரும் முடிந்தார்கள். மிச்சம் பதின்மூன்று.

சாப்பாட்டு மணி அடித்தது. தூக்குச்சட்டிகளோடு வேப்பமரத்தடிக்கு வந்தவர்கள் படத்தைக் காட்டச் சொன்னார்கள். முதல் நால்வருக்கு மட்டும் காட்டியது ஓரவஞ்சனை என்றார் பாக்கியம். கையில் பதின்மூன்று இருக்கிற தைரியத்தில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒருத்தி தன்னை அடையாளம் தெரியவில்லை என்றாள். இன்னொருத்திக்குத் தன் மாமியார் சாயல் விழுந்துவிட்டதில் வருத்தம். முடித்தபோது திரையின் மூலையில் நான்கு.

அப்போதுதான் பாக்கியம் ஒரு பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். பெயர் முத்துமாரி. வேலைக்கு வந்து மூன்று நாள். காயப்போடும் களத்தில் தனியாக நின்றிருந்தவள். போர்மேன் கொடுத்த பட்டியலில் அவள் பெயர் இல்லை. சீசனுக்கு மட்டும் வந்த ஆள் என்பதால் எழுதவில்லை என்றார் கருப்பசாமி.

"சீசனுக்கு வந்தவளுக்குத் தோலு வேறயா இருக்கு?" என்றார் பாக்கியம். கருப்பசாமி என்னை எழுதச் சொல்லித் தலையசைத்தார்.

நோட்டில் முப்பத்தேழு என்று எண்ணிட்டேன். வாரிசு: தம்பி. அவளை வெளிச்சம் விழும் பக்கம் நிற்கவைத்துப் பொத்தானை அழுத்தினேன். கணினி ஒரு முறை கூவியது. திரை கறுத்துவிட்டது.

"விழுந்துச்சாய்யா?" என்றாள் முத்துமாரி.

பொய் சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, தெரியவில்லை என்றேன்.

அவள் கறுத்த திரையைக் குனிந்து பார்த்தாள். "தெரியலன்னா விழுந்துச்சுன்னே வச்சுக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைக்கூடத் திறக்காமல் களத்துக்குப் போனாள். வானத்தில் மேகம் கூடியிருந்தது. காய்கிற சரக்கை அள்ள வேண்டும்.

பகல் 1.50. ஏழாயிரம்பண்ணையிலிருந்து சாத்தூர், சாத்தூரிலிருந்து விருதுநகர். நாற்பத்தைந்து கிலோமீட்டரும் பையை நெஞ்சோடு அணைத்தபடி வந்தேன். திறந்து பார்க்கவும் வழியில்லை. முப்பத்தாறு பேருக்குக் காட்டிய ஒன்பது சதவீதத்தில் ஒன்றே ஒன்றை வைத்திருந்தால் அவள் படம் விழுந்ததா என்று தெரிந்திருக்கும். அந்த ஒன்பதும் வீண் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

மாலை 3.35. தங்கை வீட்டில் செருகினேன். உயிர் வர நான்கு நிமிடம். படங்களை எண்ணினேன். முப்பத்தேழு. கடைசிப் படத்தில் முத்துமாரி கண்களை மூடியிருந்தாள்.

செல்வி போர்வையோடு எழுந்து வந்து, நான் நோட்டைப் படிக்கப் படிக்க மீதியை மளமளவென்று அடித்தாள். ஆட்டோ பதினைந்து ரூபாய். அலுவலகத்தில் மணி 5.25. அங்கிருந்த அம்மாள் கடைசிப் படத்தில் நிறுத்தி, கண் மூடியிருக்கிறதே என்றார். மறுபடி எடுக்க வழியில்லை என்று சொல்லி, நடந்ததையும் சொன்னேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"முகம் தெளிவா இருக்கு. அடுத்த தடவை வர்றப்ப நல்லதா ஒண்ணு எடுத்துக் கொடுங்க" என்று பெற்றுக்கொண்டதற்கான சீட்டில் முத்திரை குத்தினார்.

இதைத் திருச்சியில் என் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று எண்ணிப் பார்த்தேன்: மூன்று அறைகளில் பதினோரு பிளக்குகள். எதையாவது செருகாமல் ஒரு மணி நேரம் போவதில்லை. அன்று வேலிக்கு வெளியே நின்று, ஒரு பிளக்குக்கூட இல்லாத இடம் என்று பாதி நாள் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பொறிகூடப் பறக்கக் கூடாத அந்த அறைகளுக்குக் கம்பி போகாமல் இருப்பதுதான் அந்த முப்பத்தேழு பேருக்கும் முதல் காப்பீடு. நான் கொண்டுபோனது இரண்டாவது.