ஒட்டுப்பாலுக்குள் ஓர் உருளை

மண்ணெண்ணெயும் ரப்பர் பாலும் சேர்ந்தால் ஒரு வாடை வரும்... புளிப்பும் காந்தலுமாக. போன கோடை லீவில் ஒரு வாரம் முழுக்க, எங்கள் வீட்டு அடுக்களையை ஒட்டிய வொர்க் ஏரியாவில் அந்த வாடைதான்.

அருமனைப் பக்கம் எங்கள் வீடு. தாத்தா ஓட்டிய அம்பாசடர், கியர்பாக்ஸில் பல் உடைந்து ஷெட்டிலேயே கிடந்தது. அப்பா கல்ஃபில். வீட்டில் மாமா சொல்வதுதான் முடிவு.

"ஞாயித்துக்கிழம லாரி வரும். அதுக்குள்ள கேட்ட தாண்டி ஓடிச்சுன்னா வச்சுக்கிடுங்க. இல்லேன்னா இரும்பு வெலைக்குப் போவும்."

அக்கா குழித்துறைக்குப் போய், பழைய சாமான் கடையில் இன்னொரு கியர்பாக்ஸைத் தேடிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி வந்தாள். இரண்டையும் பிரித்து, நல்ல பல்சக்கரங்களைப் பொறுக்கி ஒரே பெட்டியாக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியாது. போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம்.

கழுவுவதற்கு, ரப்பர் ஷீட் உறைய வைக்கும் அலுமினியத் தட்டுகளை எடுத்ததுதான் தப்பு. ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்த ரப்பர் பால், அதாவது ஒட்டுப்பால், மண்ணெண்ணெயில் ஊறிப் பசையாகி, எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது.

மாமா எட்டிப் பார்த்தார். "ஏட்டி, கியர்பாக்ஸ் பூட்டுதியளா, பலாக்கா வெட்டுதியளா?"

"ரெண்டும்தான் மாமா. சொள வேணுமா?" என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தாமலே.

பசையைச் சுரண்டி உருட்டி வைத்துவிட்டு, மறுபடி கழுவினோம். உள்ளே ஒரு தண்டைச் சுற்றி ஊசி போல மெலிந்த உருளைகள் இருக்கும். கிரீஸ் தடவி, ஒவ்வொன்றாக ஒட்டி நிறுத்த வேண்டும். ஒன்று சரிந்தால் எல்லாம் சரியும். எத்தனை தடவை சரிந்ததோ...

சனிக்கிழமை சாயங்காலம் பெட்டியை மூடி, கடைசி போல்ட்டையும் முறுக்கினோம். அம்மா கட்டன் சாயா கொண்டுவந்தாள். நான் ஒட்டுப்பால் உருண்டையைச் சாக்கில் போடப் போனேன். கையில் ஏதோ நெருடியது. பிய்த்துப் பார்த்தால்... ஓர் உருளை.

அக்காவின் விரல்களெல்லாம் கீறல். அவள் அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள். உருளையை அவளிடம் நீட்டினேன்.

அக்கா அதையே பார்த்தாள். அம்மா மெதுவாக, "ஒண்ணுதானே மக்கா... போவட்டும்" என்றாள்.

"ஒண்ணில்லேன்னா மத்ததெல்லாம் ஆடும்மா." சாயாவைக் கீழே வைத்துவிட்டு அக்கா ஸ்பேனரை எடுத்தாள். "வா ஏட்டி, கழத்துவோம்."

விடிய விடியப் பிரித்துச் சேர்த்துப் பெட்டியைக் காரில் மாட்டினோம். மறுநாள் லாரி வந்து நிற்கும்போது, அக்கா ஓட்ட, அம்பாசடர் கேட்டைத் தாண்டியது. இரண்டாம் கியர் கிளிக்கென்று விழுந்தது. மாமா லாரிக்காரரை அனுப்பிவிட்டார்.

இப்போது அக்கா துபாயில். இந்த வாரம் மூன்றாம் கியரில் ஒரு முனகல் கேட்கிறது. நாளைக்கு லாரி வரும் என்று மாமா மறுபடியும் சொல்லிவிட்டார். பிளஸ் டூ படிக்கிறவளுக்கு இனி இந்தச் சோலி வேண்டாமாம்.

எல்லோரும் உறங்கியாயிற்று. போர்வைக்குள் இதை டைப் செய்கிறேன். மாமா கண்டால் போனும் போகும். பயமாகத்தான் இருக்கிறது... போன வருஷம் பயந்தபோது பக்கத்தில் அக்கா இருந்தாள்.

இந்தத் தடவை கழுவும் தட்டுகளை இன்றைக்கே சுரண்டிச் சுத்தமாக்கி வைத்துவிட்டேன். ஸ்பேனர்கள் தலையணைக்கடியில். காலையில் லாரி வருவதற்கு முன்னால் மாமாவிடம் போய்ச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்.

"மாமா, பெட்டிய நான் தொறக்கப் போறேன். லாரி பொறவு வரட்டும்."