மிதக்கும் அரிசிக்கடைக்கு ஒரு வாசல்

நான் குடியிருக்கும் சாலைக் கடைத்தெரு முழுக்கத் தண்ணீரில் மிதந்தால் எப்படி இருக்கும் என்று நான் கம்ப்யூட்டரில் கட்டிக்கொண்டிருக்கும் கற்பனை நகரம் உங்களுக்குத் தெரியும். நாளை அதைக் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டும்.

படத்தின் நட்டநடுவில் மிதப்பது எங்கள் மாடிக்குக் கீழே இருக்கும் அரிசிக்கடை. போர்டு வரை அப்படியே வைத்திருக்கிறேன். கடைக்கார அண்ணாச்சி வேண்டாம் என்றால் படமே போச்சு. அதனால் இன்று அவரை மேலே கூப்பிட்டுக் காட்டினேன்.

மானிட்டரில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். படகிலிருந்து மூட்டை இறங்குவதைக் கண்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“கொள்ளாம் மக்களே, நல்லாருக்கு. லாரி நிறுத்த எடமில்லங்கிற சண்டையே கெடையாது. ஆனா காலம்பற கடை தொறந்ததும் வாசல் தெளிக்கணும்லா? எங்க தெளிப்பேன்?”

“சுத்தியும் தண்ணிதானே அண்ணாச்சி? வாசல் எப்பவும் நனைஞ்சுதான் கெடக்கும்.”

“அது அதுவா நனையுது. நான் தெளிச்சாத்தானே கடை தொறந்ததா அர்த்தம்?”

அவர் தெளிப்பதற்கென்று படத்தில் கடைக்கு முன்னால் ஒரு பலகையைப் போட்டேன்.

“அலை படாம கொஞ்சம் ஒசத்து” என்றார். உயர்த்தினேன்.

“இப்பதான் நம்ம கடை. அனுப்பிக்கோ” என்று இறங்கிப் போனார்.

பலகை சேர்ந்ததால் அலையையும் நிழலையும் கம்ப்யூட்டர் மறுபடி முதலிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறது. எனக்கு வருத்தமே இல்லை. அந்தக் காய்ந்த பலகை வந்த பிறகுதான் என் ஊரில் ஆள் குடியிருப்பது போலத் தெரிகிறது.

இதற்குள் பக்கத்து இரும்புக்கடைக்காரரும் பலகை கேட்டுவிட்டார். உங்களுக்கும் வேண்டுமானால் கீழே கமெண்டில் சொல்லுங்கள். ஆனால் கண்காட்சிக்குக் கொஞ்சமாவது தண்ணீரை மிச்சம் வையுங்கள்.