விட்டுப்போன நான்கு பக்கங்கள்

சுக்குக் கிடங்கின் வடக்குச் சுவரோரம் மூன்று அட்டைப் பெட்டிகள் இருந்தன. மட்டாஞ்சேரியில் நான் கோணி தைத்துக்கொண்டிருந்த காலம் அது. பெண்கள் பத்துப் பேர் தரையில் உட்கார்ந்து சுக்கைத் தரம் பிரிப்பார்கள். பருத்து வெளுத்தது முதல் தரம், மெலிந்தது இரண்டாம் தரம், முறிந்ததும் பூச்சி அரித்ததும் மூன்றாம் தரம். ஆனால் அந்தப் பெட்டிகளில் இருந்தது சுக்கு அல்ல, நாவல்கள். ஒரு கதையைக் கேட்டு முடித்ததும் அதையும் அவர்கள் தரம் பார்த்து உரிய பெட்டியில் போடுவார்கள். மூன்றாம் பெட்டி நிறைந்தால் பழைய பேப்பர்காரர் வருவார்.

வாசிப்பது என் வேலை. அந்தப் பெண்கள் வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள். ஆனால் எல்லோரும் கொச்சியிலேயே பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், தமிழ் எழுத்து தெரியாது. நான் தேனிப் பக்கம் ஐந்தாம் வகுப்பு வரை படித்துவிட்டு இங்கே வந்தவன். ஆகவே அந்தக் கிடங்கில் படித்த ஆள் நான்தான். மிளகாய் லோடு கொண்டுவரும் டிரைவர் அண்ணன் எட்டு நாளைக்கு ஒருமுறை ஊரிலிருந்து இரண்டு மூன்று மாத நாவல்களைக் கொண்டுவந்து கொடுப்பார். மதியம் கஞ்சி குடித்த பிறகு அரை மணி நேரம் வாசிப்பேன். நாலு பேர் முன்னால் பேரைச் சொல்லவே தடுமாறுகிற எனக்கு, புத்தகத்தைக் கையில் பிடித்தால் குரல் வந்துவிடும்.

தீர்ப்புச் சொல்வதில் எல்லோருக்கும் முன்னால் நின்றவர் அக்கா. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், கணவர் இறந்து ஒரு பெண் குழந்தையை வளர்த்துக்கொண்டிருந்தார். சுக்கை விரலிடுக்கில் உருட்டியே தரம் சொல்லிவிடுவார். கதையிலும் அப்படித்தான். துப்பறியும் கதைகளுக்கு அவரிடம் முதல் தரம் எளிதாகக் கிடைத்தது. காதல் நாவல்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக மூன்றாம் பெட்டிக்குப் போயின. “தம்பி, இதை எழுதின ஆள் கல்யாணம் கழிஞ்ச ஆளா? பேருக்குக்கூட ஒரு ஸ்நேகம் இல்லையே கதையில,” என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

தவறு எழுதியவர்களுடையதல்ல. பிணத்தைப் பற்றி வாசிக்க எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் கதாநாயகன் கதாநாயகியின் அருகில் வந்து நின்றாலே எனக்கு வியர்த்துவிடும். பத்துப் பெண்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கையில் அந்த வரிகளை எப்படிச் சொல்வது? இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, “அப்புறம் ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்க” என்று முடித்துவிடுவேன். ஒரு வருடத்துக்கும் மேலாக இப்படியே நடந்தது.

ஒரு நாள் டிரைவர் அண்ணன் லோடு இறக்கிவிட்டு எல்லோர் முன்னிலும் அக்காவைக் கல்யாணத்துக்குக் கேட்டார். “அடுத்த லோடுக்கு வர்றப்ப பதில் சொன்னாப் போதும்,” என்றார். நல்ல மனிதர். குடிக்க மாட்டார், அக்காவின் மகளுக்கு மறக்காமல் பனங்கற்கண்டு கொண்டுவருவார். அன்று அவர் தந்த நாவலில் ஒரு விதவை டீச்சர், அவளை விரும்பும் ஒரு பஸ் கண்டக்டர். அக்கா அந்த வாரம் சாயா குடிக்கக்கூட எழுந்திருக்காமல் கேட்டார். அவர் எதற்காகக் கேட்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

டீச்சர் முடியாது முடியாது என்று சொல்லிவந்தாள். கடைசிக்கு முந்தின நாள் அந்த இடம் வந்தது. முதல் வரியைக் கண்ணால் பார்த்ததுமே நான்கு பக்கங்களைப் புரட்டிவிட்டு, “அவள் சம்மதித்தாள்” என்று வாசித்தேன்.

“எதுக்குச் சம்மதிச்சா? நேத்து வரைக்கும் மாட்டேன்னவளாச்சே,” என்றார் அக்கா.

நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கோணி ஊசியை எடுத்தேன். மறுநாள் மிச்சத்தையும் முடித்தபோது புத்தகத்தை வாங்கி மூன்றாம் பெட்டியில் போட்டார். பிறகு முறத்தைப் பார்த்தபடி, “பின்ன சரி. எல்லாரும் காரணமில்லாமத்தான் சம்மதிக்கிறாங்க போல. நாளைக்கு லோடு வருமாமே, நானும் ஆமான்னு சொல்லிடறேன்,” என்றார்.

அன்று இரவு சுள்ளிக்கல்லில் என் அறையில் படுத்தபடி, நான் விட்ட நான்கு பக்கங்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் வேலை தொடங்கும் முன்பே பெட்டியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அக்கா முன்னால் நின்றேன். “நாலு பக்கம் விட்டுட்டேன் அக்கா.”

“ஏன்டா?”

“வெட்கமாயிருந்துச்சு.”

கிடங்கே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. “இப்ப படி,” என்றார். எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. தைத்து அடுக்கிய மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு வாசித்தேன். “சத்தமா, மாப்பிள்ளை!” என்று ஒருத்தி கத்தினாள். அக்கா அவளை அதட்டினார். அதன்பின் என் குரல் மட்டுமே கேட்டது. டீச்சர் தினமும் நிறுத்தத்தில் வந்துநிற்கும் மூன்று பஸ்களை விட்டுவிட்டு, பள்ளிக்குத் தாமதமானாலும் அவனுடைய பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறாள். பயணச் சீட்டைக் கொடுக்கையில் அவன் விரல் படும் இடத்தைப் பள்ளி போய்ச் சேரும்வரை மூடிவைத்திருக்கிறாள். அவ்வளவுதான் அந்த நான்கு பக்கமும். இதற்கா வெட்கப்பட்டேன் என்று எனக்கே தோன்றியது.

நான் வெளியே வந்தபோது அக்கா கையில் ஒரு சுக்குத் துண்டை உருட்டிக்கொண்டிருந்தார். “நான் எந்த பஸ்ஸையும் விட்டதில்லை தம்பி. அவர் லோடு வர்ற நாள் எதுன்னுகூட எனக்கு ஓர்மை இருக்கிறதில்லை,” என்றார். பிற்பகல் லாரி வந்தது. அக்கா வாசலுக்குப் போய் அவரிடம் தனியாகப் பேசிவிட்டு வந்தார். டிரைவர் அண்ணன் என்னிடம் அந்த வாரத்துப் புத்தகங்களை வழக்கம்போலக் கொடுத்தார். அடுத்த மாதத்திலிருந்து வேறு டிரைவர் வந்தார்.

அதன்பின் மூன்றாம் பெட்டியை அக்கா கவிழ்த்தார். மீதமிருந்த காதல் நாவல்களையெல்லாம் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று மறுபடி வாசித்தேன். ஏழு புத்தகங்கள் முதல் தரத்துக்கு ஏறின. பேப்பர்காரர் கொண்டுபோனவற்றுக்குத்தான் நியாயம் கிடைக்கவில்லை.

நான் வாய் திறக்காமலிருந்தால் அக்காவுக்கு ஒரு துணை அமைந்திருக்குமே என்று பல வருடம் உறுத்தியது. திருப்பூணித்துறையில் மகள் வீட்டில் இருக்கும் அவரைப் பார்க்கப் போனபோது ஒருமுறை கேட்டுவிட்டேன். “துணை இல்லாம சில நாள் கஷ்டமாத்தான் இருந்துச்சு. இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா அந்த நல்ல மனுஷனைத் தினம் ஏமாத்த வேண்டி வரல,” என்றார். பிறகு கப்பைக்கிழங்கும் மீன்கறியும் வைத்து, மிச்சம் வைக்காமல் சாப்பிடச் சொன்னார்.

கிடங்கு இருந்த இடத்தில் இப்போது வெளிநாட்டுக்காரர்களுக்குப் பழம்பொருள் விற்கிறார்கள். ஊருக்குப் போய்வருபவர்களிடம் சொல்லிவிட்டு நான் இன்னும் நாவல்கள் வாங்குகிறேன். போன வாரம் படித்த மூன்றில், மருத்துவமனை நர்ஸைப் பற்றியது நன்றாக இருந்தது. பேசத் தெரியாத ஒருவன் அவளுக்காகக் குடையோடு நிற்கும் இடத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது சுமார். மூன்றாவதில், இருநூறு பக்கம் வெறுத்த ஒருவனை அந்தப் பெண் திடீரென்று ஏற்றுக்கொண்டுவிட்டாள். பக்கம் ஏதாவது விட்டுப்போயிற்றோ என்று எண்களைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் வரிசையாகவே இருந்தன. அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன்.

“பாவம், திட்டாதே தம்பி,” என்றார். “எழுதினவருக்கும் வெட்கமாயிருந்திருக்கும்.”