செபமாலையைக் கழற்றலாம், கியர்பொக்ஸைக் கழற்ற ஏலாது

போன மாதம் ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து ஃபோனைத் திறந்தால் அன்ரனின் வீடியோ.

அன்ரன் என் மாமாவின் மகன். பிரான்சில் இருக்கிறான். வீடியோவில் ஒரு புத்தம் புது மின்சாரக் கார். சீற்றில் இன்னும் பொலித்தீன் உரிக்கவில்லை. குளிர் காலத்தில் சீற் தானாகவே சூடாகுமாம். அதையும் தட்டிக் காட்டுகிறான்.

"காசில ஒரு பங்கு அரசாங்கம் தருது மச்சான்" என்றான்.

பழைய காரை நசுக்கக் கொடுத்தால், புதுக் கார் வாங்க அங்கே அரசாங்கம் காசு போடுகிறதாம். புகை குறையும், காற்று சுத்தமாகும், கார் கொம்பனியும் பிழைக்கும்...

நான் என்ன செய்தேன் தெரியுமா? "வாழ்த்துகள் மச்சான்" என்று அடித்து, பக்கத்தில் ஒரு இதயமும் போட்டுவிட்டு, ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். பொறாமை. இதைவிட நாகரிகமான சொல் ஒன்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

எங்கள் நிலைமை உங்களுக்குத் தெரியும்தானே? இங்கே புதுக் கார் வாங்குகிறவன் முதலில் வரியை வாங்குகிறான், பிறகுதான் கார். அதனால் பழைய கார் கிழடாகக் கிழடாக விலை ஏறும். எங்கள் வீட்டுக் கார் என்னைவிட மூத்தது. கலியாணச் சந்தையில் என்னையும் அதையும் பக்கத்தில் நிறுத்தினால், அதற்குத்தான் கேள்வி கூட.

அது அம்மாவின் கார். அம்மா படிப்பிப்பது தோப்பூரில். எங்கள் ஊர் பாலையூற்றில் இருந்து தினமும் அவர்தான் ஓட்டிக்கொண்டு போவார். வழியில் நெற்றி நிறையத் திருநீற்றோடு வசந்தி ரீச்சரும், பள்ளிவாசலடியில் பரீனா ரீச்சரும் ஏறுவார்கள். அந்தக் காருக்கு இப்போது ரெண்டாம் கியர் இல்லை. போட்டால் கழன்று விழுகிறது. கியர்பொக்ஸ் முழுதாக மாற்ற வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாட்ஸ் கடை எல்லாம் கேட்டாயிற்று, இல்லை. கார் படுத்துவிட்டால் மூன்று ரீச்சர்மாரும் இருட்டோடு வெளிக்கிட்டு பஸ் மாறி மாறிப் போக வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு பஸ் படியே பெரிய மலை.

சரி, கவிழ்த்த ஃபோனைப் பிறகு நிமிர்த்தினேன். வீடியோவின் கடைசியில், புதுக் காருக்குப் பின்னால் நசுக்கப் போகிற பழைய கார் நிற்கிறது.

அதே கார். எங்கள் மொடல். எங்களுடையது வெள்ளை, அவனுடையது சிவப்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த நாளே அம்மாவையும் இழுத்துக்கொண்டு எங்கள் மெக்கானிக் குமார் அண்ணையின் கராஜுக்குப் போய், அங்கிருந்தே அன்ரனுக்கு வீடியோ கோல் எடுத்தேன்.

"ஸ்டியரிங் இடப்பக்கமெல்லோ அண்ணை, சரிவருமோ?" என்று கேட்டேன்.

"ஸ்டியரிங் எங்க இருந்தா என்ன தம்பி, கியர்பொக்ஸ் ஒண்டுதான். ரெண்டாவதைப் போட்டு ஓடச் சொல்லுங்கோ, கேப்பம்."

அன்ரன் காரை ஓட்டிக் காட்டினான். குமார் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு, திருவிழாவில் நாதஸ்வரம் கேட்கிறவர் போலத் தலையை ஆட்டினார்.

"இதையோ நசுக்கப் போறாங்கள்?"

"மச்சான், கியர்பொக்ஸை மட்டும் கழட்டி, இங்க வாற ஆரிட்டயும் குடுத்து விடேன்" என்றேன்.

"விசரே உனக்கு? எல்லாம் இருக்கோ எண்டு பாத்துத்தான் எடுப்பாங்கள். ஒண்டு குறைஞ்சாலும் எனக்குக் காசு இல்ல."

"நல்லா ஓடுறதை ஏன்ரா நசுக்கவேணும்?"

"திரும்ப ஒருத்தரும் ஓடக்கூடாதெண்டுதான். அதுதானே ஸ்கீமே."

அம்மா ஃபோனைப் பறித்தார். "அன்ரன், இவன்ர கதையை விடு. நீ காசை விட்டுடாத."

"ஓம் மாமி" என்றான். குரலில் நிம்மதி.

பிறகு என் பக்கம் திரும்பி, "அவனுக்கு ரெண்டு பிள்ளையள். என்ர கியருக்காக அவன் நட்டப்படுறதோ?" என்றார்.

எனக்கு வேறொரு கேள்வி இருந்தது. அன்று பின்னேரம் அன்ரனுக்கே எடுத்துக் கேட்டேன்: உன்ர கட்டடத்தில உன்னதைவிடப் பழைய கார் ஆரும் வச்சிருக்கினமோ?

"ஓம், மேல்மாடியில ஒருத்தர். ஹோட்டல் கழுவப் போறவர். அவற்ற கார் விடுற புகைக்கு நாங்கள் யன்னலையே திறக்கிறேல்ல."

"அவர் ஏன் ஸ்கீமுக்குப் போகேல்ல?"

"மிச்சக் காசுக்கு அவர் எங்க போவார்?"

பார்த்தீர்களா? கூடப் புகை விடுகிற கார் இன்னும் ஓடுகிறது. ஓட்டுகிறவரும் வரி கட்டுகிறார். அந்த வரி அன்ரனின் சீற்றைச் சூடாக்குகிறது. புதுக் கார் வாங்க வசதி இருந்தவனுக்கு ஒரு பங்கு, வசதி இல்லாதவனுக்கு யன்னலைச் சாத்துகிற அயலவர்கள். நல்ல கியர்பொக்ஸ் ஒன்றைக் கொல்வதற்கும் மக்கள் காசு. இது காற்றுக்குச் செய்கிற உதவியா, கார் கொம்பனிக்குச் செய்கிற உதவியா?

பொறாமையில் கதைக்கிறான் என்பீர்கள். ஓம், பொறாமைதான். பொறாமை பிடித்தவன் சொல்வதெல்லாம் பிழையாகத்தான் இருக்க வேண்டுமா? எங்கள் அரசாங்கம் நாளைக்கே இப்படி ஒரு ஸ்கீம் அறிவித்தால், இதே பக்கத்தில் எதிர்த்து எழுதுவேன். எழுதி அனுப்பிவிட்டு, அம்மாவின் காரைக் கழுவிக்கொண்டு போய் வரிசையில் முதல் ஆளாக நிற்பேன் என்பது வேறு கதை.

அடுத்த கிழமை அன்ரன் கடைசி வீடியோவை அனுப்பினான். சிவப்புக் காரைக் கழுவி, துடைத்து, மினுங்க மினுங்கக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். இரும்புக் கை இறங்குவதற்கு முன்னால் கண்ணாடியில் தொங்கிய செபமாலையை மட்டும் கழற்றி எடுக்கிறான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒண்டும் கழட்ட ஏலாதெண்டியே?"

"அது கார் இல்ல மச்சான்" என்றான்.

அம்மா அந்த வீடியோவை ரெண்டு தரம் பார்த்தார். "கழுவிப்போட்டெல்லோ குடுத்திருக்கிறான்" என்றார்.

போன கிழமை அங்கிருந்து வந்த உறவினர் ஒருவரிடம் அன்ரன் மாமிக்கென்று ஒரு சின்னப் பொதி கொடுத்துவிட்டிருந்தான். உள்ளே அந்தச் செபமாலை. அம்மா அதைக் காரின் கண்ணாடியில் தொங்கவிட்டார். கியர்பொக்ஸ் இன்னும் கிடைக்கவில்லை. கார் முதலாம் கியரில் அலறி, ஒரேயடியாக மூன்றாவதுக்குப் பாய்கிறது. கிண்ணியாப் பாலத்து ஏற்றத்தில் அந்தப் பாய்ச்சலுக்கு நடுவே ஒரு தரம் மூச்சடைக்கும்.

நேற்று அம்மா வந்து சொன்னார்: "பாலத்தில கார் நிக்கப் பாத்தது. வசந்தி ரீச்சர் செபமாலையைப் பாத்துக் கும்பிட்டவ. பரீனா ரீச்சரும் அதில வச்ச கண் எடுக்கேல்ல."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"நான் றோட்டைப் பாத்தனான்."

அங்கே ஓடுகிற காரை நிறுத்த அரசாங்கம் காசு கொடுக்கிறது. இங்கே ஓடாத காரை மூன்று சமயம் சேர்ந்து தள்ளுகிறது.