தலைவர் வைத்த பெயர்

எங்கள் தலைவர் கட்சி மாறப் போவது பேப்பரில் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். சின்னமனூர் பஜாரில் நான் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். அவருடைய ஆட்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வந்து, வேட்டி அடுக்கைப் பார்க்காத மாதிரி பார்த்து, இன்ன கட்சிக் கரை வேட்டி இருக்கிறதா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டால் காரியம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். முந்தின வாரம் வரை அந்தக் கரையைக் கண்டால் காறித் துப்பியவர்கள்தான். அப்படிக் கேட்டு வருகிறவர்களில் முதல் ஆள் எப்போதும் என் தம்பி.

தலைவரின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் கையைக் கழுவ வேண்டும். வாழைக்காய்க் கமிஷன் மண்டிக்காரர் மகன். படிப்பு ஏறவில்லை, தொண்டை மட்டும் நன்றாக இருந்தது. யாரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து மேடையில் பேசுவார், இடையில் அழுவார். அழுகை மட்டும் சொந்தச் சரக்கு. வாய்க்காலில் தண்ணீர் விடச் சொல்லி விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்தபோது அவரும் போய் உட்கார்ந்தார். போட்டோக்காரர் கிளம்பியதும் அவரும் கிளம்பினார். அந்தப் போட்டோதான் அவரை ஒன்றியத் தலைவராக்கியது, பிறகு சட்டசபைக்கும் அனுப்பியது. கல்யாண மண்டபம் மாதிரி ஒரு வீடு கட்டிக்கொண்டார். அடுத்த தேர்தலில் தோற்றதும் திடீரென்று தன்மானம் வந்து வேறு கட்சிக்குப் போனார். அங்கே சீட்டு கிடைக்காதபோது மறுபடியும் தன்மானம் வந்தது. நக்குகிற நாய்க்குச் செக்கும் ஒன்று, சிவலிங்கமும் ஒன்று என்பார்கள். நாயாவது நக்கி முடித்துவிட்டுச் செக்கின் பெருமையை ஒரு மணி நேரம் மைக்கில் பேசாது.

தம்பி மேகமலைக்கு ஜீப் ஓட்டுகிறவன். எஸ்டேட் ஆட்களும் சாமான்களும் ஏறிக் காத்திருக்கும்போது தலைவர் வீட்டிலிருந்து போன் வந்தால், எல்லாரையும் இறக்கிவிட்டுப் போய்விடுவான். ஒருமுறை அந்த மனுஷர் தம்பி வீட்டில் வந்து சாப்பிட்டார். கறியும் குழம்பும் வழித்துத் தின்றுவிட்டு எழுந்து கையை நீட்டினார். தம்பி தண்ணீர் ஊற்றினான். ஊற்றியதும் அவர் பேசிக்கொண்டே தம்பியின் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்து, வாயைத் துடைத்து, அதிலேயே மூக்கையும் சிந்தி, திரும்ப அவன் தோளிலேயே போட்டார். தம்பிக்கு அது ஆசீர்வாதமாக இருந்தது. அன்று முழுக்க அந்தத் துண்டோடுதான் திரிந்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

தம்பிக்குக் குழந்தை பிறக்க வெகுகாலம் ஆனது. அவன் பெண்டாட்டி சனிக்கிழமை தோறும் குச்சனூருக்குப் போய் எள் தீபம் போட்டு வந்தாள். ஒரு வழியாகப் பெண்பிள்ளை பிறந்தது. எங்கள் பக்கம் தொட்டிலில் போடும் நாளன்று அப்பாவோடு பிறந்த அத்தை வந்து, பிள்ளையின் காதில் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும். அத்தை சொன்ன பிறகுதான் அது பெயர். நான் பட்டுப் பாவாடைத் துணி எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே தம்பி நிறுத்தினான்.

"அக்கா, பேரு தலைவரு வைப்பாக. தேதி கேட்டிருக்கேன்."

தேதி வரவில்லை. தொட்டில் மட்டும் ஆடியது. பிள்ளை குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், சுவரைப் பிடித்து நடந்தாள். பாப்பா பாப்பா என்றே கூப்பிட்டோம். பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. தடுப்பூசி போடும் நர்ஸ், பிள்ளைக்குப் பெயர்கூட இல்லாமல் எப்படித்தான் வளர்க்கிறீர்களோ என்று திட்டி அனுப்பினார். எவனோ ஒருவனுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று பெற்ற பிள்ளையைப் பெயரில்லாமல் வைத்திருக்கும் மடத்தனம் எங்கள் கட்சிக்காரர்களுக்கே உரியது. கேட்டால் விசுவாசம் என்பார்கள்.

கடைசியில் ஒரு மண்டபத்தில் கூட்டம் நடந்தது. பெயருக்காகப் பிள்ளைகளோடு ஒரு வரிசையே நின்றது. எங்கள் பாப்பா வந்தபோது தலைவர் காதில் போனை வைத்திருந்தார். பாவாடை சட்டை போட்ட பிள்ளையைத் தூக்கி, ஆணா பெண்ணா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். பிறகு அப்போதைய கட்சித் தலைமையின் தாயார் பெயரைச் சொன்னார். காதில் சொல்வதற்காக நான் மேடைப்படி ஏறியபோது ஒருவன் என் தோளைப் பிடித்து இறக்கி, நான் போட்டோவை மறைப்பதாகச் சொன்னான்.

வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளையை மடியில் வைத்து நானே அந்தப் பெயரை மூன்று முறை காதில் சொன்னேன். எனக்குப் பிடிக்காத பெயர். ஆனால் அவள் வாயில் அது வந்தபோது எல்லாம் மாறிவிட்டது. யார் அம்மா பெயர் என்பது மறந்து, அது எங்கள் பிள்ளை பெயராகிவிட்டது. எழுதப் படித்ததும் அந்தப் பெயரை என் கடை அட்டைப்பெட்டி ஒன்றுகூட மிச்சமில்லாமல் எல்லாவற்றிலும் எழுதினாள். கொம்பு மட்டும் எப்போதும் தலைகீழாக இருக்கும்.

அவள் இரண்டாம் வகுப்பு போன வருஷம் தம்பி மறுபடியும் கரை வேட்டி கேட்டு வந்தான். இந்த முறை வேட்டியோடு நிற்கவில்லை. தேனியில் இணைப்பு விழா. தலைவரின் ஆட்கள் குடும்பத்தோடு போய்ப் புதுக் கட்சியின் தலைவர் முன்னால் சேர வேண்டும். பழைய கட்சிக்காக வைத்த பெயர்கள் இருக்கும் பிள்ளைகளுக்கு மேடையிலேயே புதுப் பெயர் வைப்பதாக ஏற்பாடு. அழுக்கையெல்லாம் கழுவிவிட்டு வந்தோம் என்று காட்ட வேண்டுமாம். யோசனை தலைவருடையது. அந்தப் பெயரை வைத்ததே இவர்தானே என்று கேட்டேன்.

"அத இப்ப பேசக்கூடாதுன்னு சொல்லிட்டாக," என்றான் தம்பி.

புதுக் கட்சி பண்பாடு, பாரம்பரியம் என்று பேசுகிற கட்சி. ஆகவே தலைவருக்கும் திடீரென்று பாரம்பரியம் ஞாபகம் வந்துவிட்டது. காதில் மூன்று முறை சொல்ல அத்தைமாரும் மேடைக்கு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். தம்பி பெண்டாட்டி கடைக்கு வந்து துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள்.

"நீங்க சொல்லாட்டி அது பேரே இல்ல மதினி. வராதீங்க."

நான் வராவிட்டால் எவளையாவது அத்தை என்று நிறுத்திச் சொல்ல வைத்துவிடுவார்கள் என்றேன். போகத்தான் வேண்டும், ஆனால் அந்தப் புதுப் பெயர் என் வாயில் வராது என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

தேனியில் நல்ல வெயில். புதுத் தலைவர் வரும்வரை பிள்ளைகளைத் தகரப் பந்தலுக்குக் கீழே நிற்க வைத்திருந்தார்கள். எங்கள் தலைவர் ஒவ்வொரு பிள்ளையாகக் கன்னத்தைத் தட்டிப் புதுப் பெயரைச் சொல்லச் சொல்லிப் பழக்கிக்கொண்டிருந்தார். பாப்பா வாயே திறக்கவில்லை. தம்பி அவள் கையை நசுக்குவதைப் பார்த்தேன்.

எங்கள் முறை வந்தது. புதுத் தலைவர் ஒரு சீட்டைப் பார்த்துப் பெயரைப் படித்தார். அத்தை வரலாம் என்று மைக்கில் சொன்னார்கள். இந்த முறை யாரும் தோளைப் பிடிக்கவில்லை, வழிகூட விட்டார்கள். நான் குனிந்தேன். பிள்ளையின் தலையில் மல்லிகைப்பூ வாடி, வியர்வையோடு கலந்து மணத்தது. அவளுடைய பழைய பெயரையே மூன்று முறை காதில் சொன்னேன். முதல் முறை சொன்னதும் விறைத்து நின்றாள். மூன்றாவது முறை சொன்னபோது தலையை லேசாக ஆட்டினாள். கூட்டம் கை தட்டியது. எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பயல்களுக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேர் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

எங்கள் தலைவர் மைக்கைக் கழற்றிக்கொண்டு வந்து பிள்ளையின் வாயருகே நீட்டினார்.

"அத்த காதுல என்ன பேரு சொன்னாக? எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லு தாயி."

உண்மையைச் சொன்னால் அவருடைய மானம் அங்கேயே போகும். அதோடு தம்பியின் கதையும் முடியும், அவனை இந்த ஆட்கள் சும்மா விட மாட்டார்கள். அப்படி இருந்தும் அவள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். பிள்ளை கீழே நின்ற அப்பாவைப் பார்த்தாள். மைக் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

பிறகு புதுப் பெயரைச் சொன்னாள். தடுமாறவே இல்லை. கணீரென்று, மேடைப் பேச்சுக்காரர்கள் மாதிரி கடைசி எழுத்தை இழுத்துச் சொன்னாள்.

மைதானம் முழுக்கக் கைதட்டல். தலைவர் குனிந்து அவள் தலையைத் தடவினார்.

"கெட்டிக்காரி. இது பொழச்சுக்கிரும்."

கீழே தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இறங்கக் கையை நீட்டினேன். அவள் உடனே வரவில்லை. தலையைத் தடவிய அந்த மனுஷரை அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அவர் பாராட்டியது அவளுக்குப் பிடித்திருந்தது.